‘சர்ச்சை நடந்தது’ என்று அறிக்கையில் எழுதலாமா?

கேள்வி: மேல்கூடலூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் நாற்பது பேர் வரை உறுப்பினராக உள்ள சிறிய படிப்பகம் ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூடி, ஊருக்குப் பொதுவான ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதும், பேசியதைச் சுருக்கி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் பல ஆண்டுகளாக எங்கள் வழக்கம். சென்ற மாதம் எடுத்துக்கொண்ட பொருள், பந்திப்பூர்க் காட்டின் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லக்கூடாது என்று 2009ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் பிறப்பிக்கப்பட்ட தடை. கூடலூரிலிருந்து மைசூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கு இதனால் ஏற்படும் சிரமத்தைச் சிலர் எடுத்துரைத்தார்கள். சாலையில் அடிபட்டுக் கிடந்த மான்களைக் கண்ணால் கண்டவர்கள், தடை இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். இரு தரப்பினரும் பொறுமையாகவே பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவும் இல்லை.

எங்கள் செயலாளரின் தாய்மொழி மலையாளம். தமிழ் வழிப் பள்ளியில் படித்தவர். என்னைவிடத் திருத்தமாகத் தமிழ் எழுதுபவர். அவர் எழுதி ஒட்டிய அறிக்கையின் முதல் வரிகள் இவை: “இரவுப் போக்குவரத்துத் தடை குறித்து ஒன்றரை மணி நேரம் சர்ச்சை நடந்தது. சர்ச்சையில் பதினொரு பேர் கலந்துகொண்டனர்.” மறுநாளே பெரியவர்கள் இருவர் படிப்பகத்துக்கு வந்து, அன்று யாரும் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதிருக்க, சண்டை போட்டுக்கொண்டதாக ஊர் நினைக்கும்படி எழுதலாமா என்று மனம் வருந்திக் கேட்டார்கள். செயலாளர் அதைவிட வருந்தினார். பேச்சு நடந்தது என்பதைத்தான் தாம் எழுதியதாகவும், அகராதியிலும் அந்தச் சொல்லுக்கு ஆராய்ச்சி, கலந்து பேசுதல் என்ற பொருள் உண்டு என்றும் அவர் சொல்லுகிறார்.

இதில் யார் சொல்வது சரி? ‘சர்ச்சை’ என்னும் சொல்லுக்கு இன்றைய தமிழில் உள்ள பொருள் என்ன, அது ‘விவாதம்’, ‘தகராறு’, ‘கருத்து வேறுபாடு’ ஆகியவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். அறிக்கையைத் திருத்தி எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. செயலாளரின் மனம் நோகாமல் அதைச் செய்ய விரும்புகிறேன்.


மறுமொழி 1: குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, தங்கள் செயலாளர் சொல்லும் பொருளும் உண்மை, பெரியவர்கள் பட்ட வருத்தமும் உண்மை. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்கினால்தான் விளக்க முடியும்.

‘சர்ச்சா’ என்பது வடமொழிச் சொல். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், மனத்தில் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தல், ஆகவே ஆராய்தல், கலந்து பேசுதல் என்று அதன் பொருள் விரிந்தது. (சந்தனம் முதலியவற்றை உடலில் பூசுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு, நம் பேச்சுக்கு அது வேண்டியதில்லை.) சபா ‘சபை’ ஆனதைப் போலவும் யாத்ரா ‘யாத்திரை’ ஆனதைப் போலவும் ஆகார ஈறு ஐகாரமாகித் தமிழில் அது ‘சர்ச்சை’ ஆயிற்று. இந்தியில் ‘சர்ச்சா’ என்றும், கன்னடத்தில் ‘சர்ச்செ’ என்றும், தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘சர்ச்ச’ என்றும் அதே சொல் வழங்குகிறது. அந்த நான்கு மொழிகளிலும் அது கலந்து பேசுவதை, விவாதிப்பதைக் குறிக்கும் நல்ல சொல். அதில் குற்றத்தின் சாயல் எதுவும் இல்லை.

இனி ‘விவாதம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். அதுவும் வடமொழியே. ‘வாதம்’ என்பதன் முன் பிரிவைக் காட்டும் ‘வி’ சேர்ந்து, பிரிந்து நின்று பேசுதல், அதாவது பிணக்கு என்று பொருள்பட்டது. பழைய நீதி நூல்களில் வழக்குக்கே ‘விவாதம்’ என்று பெயர். கன்னடத்தார் காவிரிப் பிரச்சினையை ‘விவாத’ என்றுதான் எழுதுகிறார்கள். பலரும் மாறுபட்டுப் பேசி ஊரெல்லாம் பரவிய ஒன்றை மலையாளிகள் ‘விவாதம்’ என்கிறார்கள். நாமோ சட்டமன்றத்தில் நடப்பதையும் கல்லூரிப் போட்டியில் நடப்பதையும் ‘விவாதம்’ என்கிறோம். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆக, அண்டை மொழிகளில் ‘சர்ச்சை’ அமைதியான சொல், ‘விவாதம்’ சூடான சொல். தமிழில் ‘விவாதம்’ அமைதியான சொல், ‘சர்ச்சை’ சூடான சொல். ஒரே இரண்டு சொற்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மூன்று மாநிலங்கள் கூடும் கூடலூரில் இந்த இடமாற்றம் ஒரு படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் வெளிப்பட்டதில் எனக்கு வியப்பில்லை; இன்னும் அடிக்கடி வெளிப்படாததே வியப்பு.

இன்றைய தமிழில் ‘சர்ச்சை’யின் பொருளை அறிய அகராதியைவிட நல்ல வழி, அது எந்த வினைச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது. விவாதம் நடக்கிறது, விவாதத்தை நடத்துகிறோம், தொடங்குகிறோம், முடிக்கிறோம், அதில் கலந்துகொள்கிறோம். அதற்கு இடம் உண்டு, நேரம் உண்டு, பங்கேற்றவர்களுக்குப் பெயர் உண்டு. சர்ச்சையோ எழுகிறது, கிளம்புகிறது, வெடிக்கிறது, ஓய்கிறது, அடங்குகிறது. புழுதியும் தீயும் செய்வதையெல்லாம் அது செய்கிறது. அதில் யாரும் கலந்துகொள்வதில்லை, சிக்கிக்கொள்கிறார்கள். “அமைச்சர் விவாதத்தில் பங்கேற்றார்” என்பதும் “அமைச்சர் சர்ச்சையில் சிக்கினார்” என்பதும் நமக்கு இயல்பாகப் படுகின்றன. வினைகளை மாற்றிப் போட்டால் இரண்டும் காதில் இடறுகின்றன. தங்கள் அறிக்கையில் பெரியவர்களை உறுத்தியது இந்த இடறல்தான் என்று நினைக்கிறேன். ‘நடந்தது’, ‘கலந்துகொண்டனர்’ ஆகிய வினைகள் விவாதத்துக்கு உரியவை. பெயர்ச்சொல் மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்துவிட்டது.

அடுத்து, சர்ச்சைக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேண்டும். பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் எவ்வளவு கடுமையாக மாறுபட்டாலும் அது கருத்து வேறுபாடு அல்லது வாக்குவாதம், சர்ச்சை ஆகாது. கணவனுக்கும் மனைவிக்கும் பிணக்கு உண்டாகலாம், சர்ச்சை உண்டாவதில்லை. அந்த மாறுபாடு வெளியே வந்து, அதோடு தொடர்பில்லாதவர்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் அது சர்ச்சை. ஆகவே, ‘கருத்து வேறுபாடு’ மனங்களுக்கு இடையில் இருப்பதைச் சொல்லுகிறது. ‘விவாதம்’ அதை முறையாக எடுத்துப் பேசும் செயலைச் சொல்லுகிறது. ‘சர்ச்சை’ அது ஊரில் பரவிய நிலையைச் சொல்லுகிறது. யாரோ தவறு செய்திருக்கலாம் என்ற ஐயமும் அந்தப் பரவலோடு சேர்ந்தே வருகிறது. ஊர் தங்களைப் பற்றிப் பேசும் என்று பெரியவர்கள் அஞ்சியதற்கு அந்தச் சொல்லிலேயே காரணம் இருக்கிறது.

தங்கள் செயலாளருக்கு இதையும் சொல்லுங்கள்: பழைய பொருள் தமிழில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பாரதி மகாகவியா என்று 1930களில் எழுத்தாளர்களிடையே எழுந்த வாதத்தை, அதன் விளைவாகக் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘கண்ணன் என் கவி’யைப் பற்றிப் பேசும்போது, ‘இலக்கியச் சர்ச்சை’ என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். அங்கே யாருக்கும் இழுக்கு இல்லை. ‘இலக்கிய’ என்னும் அடைமொழி முன்னால் நின்று சொல்லின் சூட்டைத் தணிக்கிறது. அடைமொழி இல்லாமல் தனியே நின்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அறிக்கைக்குக் ‘கலந்துரையாடல்’ போதும். இரு தரப்பாகப் பிரிந்து பேசியதையும் காட்ட வேண்டுமென்றால் ‘விவாதம்’ என்று எழுதலாம்.


மறுமொழி 2: பந்தலூர், மலையாளமும் தமிழும் பேசும் வீட்டைச் சேர்ந்தவர்

ஆசிரியர் ஐயா விளக்கியதை வீட்டில் அனுபவித்தவன் என்ற முறையில் சில வரிகள் எழுதுகிறேன்.

நாங்கள் காலையில் மலையாள நாளிதழும் தமிழ் நாளிதழும் வாங்குகிறோம். இரு மாநில அமைச்சர்கள் கூடிப் பேசி நல்ல முடிவுக்கு வந்தார்கள் என்பதை மலையாள நாளிதழ் ‘சர்ச்ச நடத்தி’ என்று எழுதும். மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த, ஆனால் பேசிப் பழகாத என் மனைவி, திருமணமான புதிதில் அதைப் படித்துவிட்டு, இவர்கள் மறுபடியும் மோதிக்கொண்டார்களா என்று கேட்டது உண்டு. எல்லைத் தகராறுக்கு அங்கே ‘அதிர்த்தித் தர்க்கம்’ என்று பெயர். தமிழ் மட்டும் அறிந்தவர் அதைப் பார்த்தால் எல்லையைப் பற்றிய தர்க்க சாத்திரம் என்று நினைக்கக்கூடும். எழுத்து வேறாக இருப்பதால் சொல்லும் வேறாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்; அது அதே சொல்லாக இருந்துவிட்டால், பொருளும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஐயமின்றி நம்பிவிடுகிறோம்.

அந்தச் செயலாளரைப் பிழை செய்தவர் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடலூரும் பந்தலூரும் தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபார் மாவட்டத்தில் இருந்து, 1877ஆம் ஆண்டில்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டவை. இந்த மண்ணில் ‘சர்ச்ச’ என்ற சொல்லைப் பேச்சு என்னும் பொருளில் பேசியவர்கள் வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்லர். தமிழில் எழுதும்போது தமிழின் இன்றைய பொருளைக் கொள்ள வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் வீட்டுச் சொல்லும் பழமையானது, முறையானது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் மனம் ஆறும்.


மறுமொழி 3: உதகை, வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

அலுவலகத் தமிழில் இந்தச் சொற்கள் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதையும் இங்கே பதிவு செய்வது பயனுடையது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோப்புகளில் எழுதியிருக்கிறேன். ‘சர்ச்சை’ என்ற சொல்லை அவற்றில் எழுதிய நினைவு எனக்கு இல்லை. கூடாது என்று விதி எதுவும் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அலுவலர் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்பதே காரணம்.

ஒருவர் மனுவை மற்றொருவர் ஏற்கவில்லை என்றால் அது ‘ஆட்சேபணை’. ஆட்சேபணை என்று எழுதினால், செய்தவர் யார், எந்த நாளில், எந்தக் காரணத்தால் என்று அடுத்த வரியில் எழுதியாக வேண்டும். புறம்போக்கு நிலத்தையே ஆட்சேபகரமானது, ஆட்சேபணையற்றது என்று இரண்டாகப் பிரிக்கிறோம். இருவர் ஒரே நிலத்தைத் தமது என்றால் அது ‘தகராறு’. அங்கேயும் இரண்டு பெயர்களும் நில அளவை எண்ணும் வேண்டும். தகராறு என்பது அரபு மொழியின் ‘தக்ரார்’. மீண்டும் மீண்டும் சொல்லுதல் என்பது அதன் மூலப்பொருள் என்று படித்திருக்கிறேன். ஆசிரியர் ‘சர்ச்சா’வுக்குச் சொன்ன மூலப்பொருளும் அதுவே என்பதைக் கண்டபோது, தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பதை எண்ணி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். விட்டுக்கொடுக்காமல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதுதானே சண்டையின் தொடக்கம்.

சொல்லைப் பற்றிய இந்தக் கேள்வி கூடலூரில் எழுந்திருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். கூடலூர் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரை உரிமையாக வந்த நிலங்கள், முன்பு நிலம்பூர்க் கோவிலகம் என்னும் அரச குடும்பத்துக்கு உரிமையானவை. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் வந்த நிலங்களில் குடியிருப்போரின் உரிமை நெடுங்காலமாகத் தீராமல் இருக்கிறது. உள்ளூரில் அவற்றைச் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்கிறார்கள். யார் கேட்டாலும் அதன் பொருள் தெளிவாக விளங்கும். வெளியிலிருந்து எழுதுபவர்கள் ‘சர்ச்சைக்குரிய நிலம்’ என்று எழுதிவிடும்போது, அங்கே மூன்று தலைமுறையாக வீடு கட்டித் தேயிலைச் செடி வைத்து வாழ்கிறவர்கள் ஏதோ கூடாத காரியத்தில் ஈடுபட்டவர்கள் போலத் தோன்றிவிடுகிறது. தீராமல் இருப்பது உரிமை. வாழ்கிறவர்களின் ஒழுக்கம் இல்லை. ‘உரிமை தீர்மானிக்கப்படாத நிலம்’ என்றோ, நீதிமன்றத்தில் இருந்தால் ‘வழக்கில் உள்ள நிலம்’ என்றோ எழுதினால் யாருக்கும் பழி இல்லை, உண்மையும் குறைவதில்லை. ‘சர்ச்சைக்குரிய’ என்பது பார்ப்பதற்கு ஒரு செய்தியைச் சொல்வது போல் இருக்கிறது. உண்மையில் அது தீர்ப்பில் பாதியைச் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்த சொல்லாட்சி அது.


மறுமொழி 4: கோத்தகிரி, நாளிதழ்களுக்குச் செய்தி எழுதுபவர்

மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு வைத்தே சிறிது மாறுபடுகிறேன். ‘சர்ச்சை’ என்ற சொல் இல்லாவிட்டால் எங்கள் தொழிலில் சிலவற்றை எழுதவே முடியாது.

நீலகிரியில் மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த வழித்தடத்தை அறிவித்து அரசாணை வந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தின. வழக்கைப் பற்றி எழுதும்போது ‘வழக்கு’ என்றும், தீர்ப்பைப் பற்றி எழுதும்போது ‘தீர்ப்பு’ என்றும்தான் எழுத வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் மசினகுடியின் தேநீர்க் கடைகளிலும் உதகையின் விடுதிகளிலும் அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் வழக்கில் தரப்பினர் அல்லர். விடுதி நடத்துபவர்கள், அங்கே வேலை செய்பவர்கள், சிறு விவசாயிகள், காட்டுயிர் ஆர்வலர்கள், வனத்துறையினர் என்று ஐந்தாறு வகையினர் ஐந்தாறு காரணங்களுக்காக மாறுபட்டார்கள். அதை ‘ஆட்சேபணை’ என்றால் எதிர்த்தவர்கள் மட்டும் தெரிவார்கள். ‘விவாதம்’ என்றால் எல்லாரும் ஓரிடத்தில் கூடிப் பேசியதாகும். ‘தகராறு’ என்றால் அடிதடியாகிவிடும். கூட்டமாக, ஒழுங்கில்லாமல், பல முனைகளில் நடக்கும் மாறுபாட்டுக்கு ‘சர்ச்சை’யே பொருந்துகிறது.

வருவாய்த் துறை ஐயா சொன்ன குறை மட்டும் முழுக்க நியாயமானது. “சர்ச்சை எழுந்துள்ளது” என்று எழுதினால் எழுப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை; ஒருவர் மட்டும் குறை சொல்லியிருந்தாலும் ஊரே பேசுவது போல ஆகிவிடும். அவசரத்தில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது தலைப்பில் அந்தச் சொல் வந்தால், முதல் பத்தியிலேயே மாறுபட்டவர்கள் யார் யார், எதில் மாறுபடுகிறார்கள் என்று எழுதிவிடுகிறேன். எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுகிறேன்.

யாரும் யாரையும் குறை சொல்லாமல் ஒரு பொருள் பரவலாகப் பேசப்படும்போது இந்நாளில் ‘பேசுபொருள்’ என்று எழுதுகிறார்கள். அது நல்ல சொல். சர்ச்சை என்று சொல்லத் தகாத இடங்களில் கைகொடுக்கிறது.


மறுமொழி 5: கோத்தகிரி, கல்லூரி மாணவி

பெரியவர்கள் இடையே நுழைந்து கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். ‘சர்ச்சை’க்கு நல்ல தமிழ்ச் சொல் நம்மிடம் இல்லையா? ‘பூசல்’, ‘பிணக்கு’, ‘சொற்போர்’ என்று பல சொற்கள் இருக்க, கடன் வாங்கிய சொல்லுக்காக இவ்வளவு இடர்ப்பட வேண்டுமா?


மறுமொழி 6: குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நல்ல கேள்வி, அம்மா. நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. ‘பூசல்’ பழைய இலக்கியத்தில் ஆரவாரம், போர், வாய்விட்டு அரற்றுதல் ஆகியவற்றைக் குறித்தது. இன்று ஒரே அணிக்குள் நடக்கும் மோதலுக்குச் சுருங்கிவிட்டது. உட்கட்சிப் பூசல் என்கிறோம். இரண்டு நாடுகளுக்கு இடையே எல்லைப் பூசல் என்றும் சொல்லுகிறோம். ‘பிணக்கு’ பிணங்குதலிலிருந்து வந்தது; உறவு இருக்கும் இடத்தில் மட்டுமே பிணங்க முடியும். இலங்கையில் தொழிலாளருக்கும் நிருவாகத்துக்கும் இடையே எழுவதைத் ‘தொழிற்பிணக்கு’ என்கிறார்கள். இங்கே நாம் ‘தொழில் தகராறு’ என்கிறோம். தோட்டப் பகுதிகளில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் மூத்தவர்கள் பேசக் கேட்டால் ‘பிணக்கு’ என்ற சொல் இன்னும் உயிரோடு வரும். என் காதுக்கு அது ‘தகராறு’ என்பதைவிட இதமாக இருக்கிறது. ‘சொற்போர்’ வேண்டுமென்றே மேடையேறிச் செய்வது.

பொருள் பொதுவெளிக்கு வந்துவிட்டது என்ற அந்தக் கூறைத் தமிழ் மிக நுட்பமாக அறிந்திருந்தது என்பதற்கு ‘அம்பல்’, ‘அலர்’ என்னும் இரண்டு சொற்களே சான்று. காதலர் உறவைப் பற்றிச் சிலர் வாய்திறந்து சொல்லாமல் தமக்குள் குறிப்பால் உணர்த்திக்கொள்வது அம்பல், அது அரும்பு. பலர் அறிய வெளிப்படையாகப் பேசுவது அலர். அது மலர்ந்த நிலை. திருக்குறளில் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. செய்தி ஒன்றுதான், அதை அறிந்தவர்களின் எண்ணிக்கையும் பேசும் துணிவும்தான் சொல்லை மாற்றுகின்றன. கருத்து வேறுபாடு சர்ச்சையாக மாறுவதும் அந்த வழியில்தான். ஆனால் ‘அலர்’ களவொழுக்கத்தோடு பிணைந்த சொல். சாலைத் தடைக்கு அதைக் கொண்டுவர முடியாது.

மணிமேகலையின் விழாவறை காதையில், புகாரில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் சொல்லும் இரண்டு செய்திகளை நான் வகுப்பில் எப்போதும் நின்று விளக்குவேன். சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறுங்கள் என்று அழைக்கிறான். உடனே அடுத்து, பகைவர்களோடும் செற்றமும் கலாமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்று எல்லாருக்கும் சொல்லுகிறான். ‘செற்றம்’ என்றால் பகை, ‘கலாம்’ என்றால் கலகம், சச்சரவு. மாறுபட்ட கருத்தைச் சொல்ல மண்டபம் இருக்கிறது, அது வரவேற்கப்படுகிறது. கலாம் மட்டும் விலக்கப்படுகிறது. கூடலூர்ப் பெரியவர்கள் இருவரும் கேட்டது இதைத்தான்: நாங்கள் மண்டபத்தில் ஏறினோம், கலாம் செய்ததாக ஏன் எழுதினீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

நன்னூல், நூலாசிரியர்கள் கொள்ளும் ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளை, சொல்லும்போது, இருவர் மாறுபட்டுக் கொண்ட கருத்துகளில் ஒன்றைத் துணிதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அங்கே வரும் ‘மாறுகோள்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆளைச் சொல்லாமல், சண்டையைச் சொல்லாமல், கொண்ட நிலைப்பாடு மாறுபட்டது என்பதை மட்டும் அது சொல்லுகிறது. அறிவிப்புப் பலகையில் அதை எழுதினால் பலருக்கு விளங்காது என்பதால் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நீங்கள் கட்டுரை எழுதும்போது பயன்படுத்திப் பாருங்கள்.

நாளிதழ்களுக்கு எழுதும் கோத்தகிரி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். பல முனைகளில் பரவிய மாறுபாட்டுக்குச் ‘சர்ச்சை’ வேண்டும். அந்தச் சொல்லைத் தமிழிலிருந்து வெளியேற்ற வேண்டிய தேவை இல்லை.


கேள்வி கேட்டவர்: மேல்கூடலூர் வாசகி

அனைவருக்கும் என் நன்றி. இந்த மறுமொழிகளை அச்சிட்டுச் செயலாளரிடமும் பெரியவர்கள் இருவரிடமும் கொடுத்தேன். பந்தலூர் ஐயா எழுதியதைச் செயலாளர் தம் தாயாருக்குப் படித்துக் காட்டினாராம். பெரியவர்களில் ஒருவர், முரசறைவோன் சொன்னதாக ஆசிரியர் எழுதிய பகுதியைத் தம் கையால் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றார்.

முதலில் ‘சர்ச்சை’யை எடுத்துவிட்டுக் ‘கலந்துரையாடல்’ என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். யார் எதில் மாறுபட்டார் என்று எழுதும் வழக்கத்தைப் பற்றி வருவாய்த் துறை ஐயாவும் கோத்தகிரி ஐயாவும் சொன்ன பிறகு, பழைய அறிக்கையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பதினொரு பேர் பேசினார்கள் என்று இருந்ததே தவிர, அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே செயலாளரும் நானும் சேர்ந்து இப்படி எழுதியிருக்கிறோம்:

“பந்திப்பூர் வழியான இரவுப் போக்குவரத்துத் தடை பற்றி ஒன்றரை மணி நேரம் கலந்துரையாடினோம். பதினொரு பேர் பேசினர். சரக்கு வண்டி ஓட்டுபவர்கள் மூவரும் கடை வைத்திருப்பவர்கள் இருவரும், தடை தொடங்கும் நேரத்தை இரவு 9 மணியிலிருந்து 11 மணிக்குத் தள்ளி வைக்க வேண்டும் என்றனர். ஐந்து பேர், இப்போதுள்ள நேரத்தில் எந்த மாற்றமும் கூடாது என்றனர். ஒருவர், இரு தரப்பும் சொல்லும் இழப்புகளைத் திரட்டிப் பார்த்த பிறகே தம் கருத்தைச் சொல்ல முடியும் என்றார். முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் இதே பொருள் தொடரும்.”

‘முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை’ என்ற வரியைச் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் செயலாளர். இதற்குக் கீழே அதே செய்தியை மலையாளத்திலும் அவரே எழுதியிருக்கிறார். அதன் முதல் வரியில் ‘சர்ச்ச’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிறோம்.